சொல்லிவிட்டுப் போகாத பயணம்

சில வருடங்களுக்கு முன், ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சாய்ந்தமருதில் வீட்டோடு இருந்த காலத்தில் நடந்தது இது. குளிர் நாடொன்றின் அரசாங்கம் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கொடுக்கும் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்திருந்தேன். படிப்பு, தங்குமிடம், விமான டிக்கெட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கடலுக்குப் போய் வரும் வாப்பாவின் உழைப்பில் வெளிநாட்டுப் பட்டம் என்பது எங்கள் வீட்டில் பேசவே முடியாத காரியம். தெரிவாகிவிட்டேன் என்று மின்னஞ்சல் வந்த அன்று உம்மா தொழுகைப் பாயை விட்டு எழும்பவே இல்லை.

எங்கள் ஊரில் தூரப் பயணம் போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டு, நல்லபடி போய்ச் சேர துஆச் செய்யச் சொல்லி வர வேண்டும். நான்தான் அவசரக் குடுக்கை ஆயிற்றே. விசா வரட்டும் என்று வாப்பா சொல்லச் சொல்ல, வெள்ளை ஜுப்பாவை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். மதில் சண்டையில் உம்மாவோடு பல வருடமாகக் கதைக்காத பக்கத்து வீட்டு மாமியிடமும் போனேன். அவர் கண் கலங்கி, மகன் கட்டாரிலிருந்து கொண்டு வந்த தடித்த போர்வையை எடுத்துத் தந்தார். போன வீடெல்லாம் விருந்து. வந்து சேர்ந்த கருவாட்டுக்கும், மீனை உலர்த்தி இடித்த மாசித்தூளுக்கும் பெட்டி போதவில்லை.

அதற்குப் பிறகுதான் அடுத்த மின்னஞ்சல். விசா பிந்தும், மறு அறிவித்தல் வரும்வரை காத்திருக்கவும்.

காத்திருப்பதுகூடப் பரவாயில்லை, வெளியே தலைகாட்டுவதுதான் பெரும்பாடு. எங்கே போனாலும் "என்ன மகன், இன்னும் போகல்லியா?" என்பார்கள். ஊருக்கே அண்ணன் முறையான மீன்காரக் காக்கா ஒரு படி மேலே போய், "நீ போறாய் எண்டு நான் அழுதது வீணாப் போச்சே தம்பி" என்று பகிடி பண்ணுவார். கடைசியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கே சைக்கிளில் மருதமுனைக்குப் போகத் தொடங்கினேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

மாதங்கள் ஓடின. பெட்டியில் வைத்திருந்த மாசித்தூளை உம்மா சம்பலுக்கு எடுத்த அன்று, இனி அவ்வளவுதான் என்று அறைக்குள் இருந்து அழுதேன். போர்வையை மட்டும் வைத்திருக்க மனம் வரவில்லை. மாமியிடம் கொண்டுபோய், "இது எனக்கு இனித் தேவப்படாது மாமி" என்றேன்.

அவர் கையை நீட்டவில்லை. "அது ஒங்கட பயணத்துக்குக் குடுத்தது மகன். பயணம் வரும், கொண்டு போங்க" என்றவர், பிளேன்டீ ஊற்றித் தந்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

விசா ஒருவழியாக வந்தது. இந்த முறை யாரும் மூச்சு விடக் கூடாது என்று வீட்டில் கட்டளை போட்டேன். திரும்பவும் எந்த முகத்தோடு பயணம் சொல்வது? ளுஹர் தொழுகை முடிந்து ஊரே சாப்பிட்டுச் சாயும் நேரம் பார்த்து வேனை வரச் சொன்னேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேற்றைத் திறந்தால் வீட்டு வாசல் ஒழுங்கை நிறைய ஆட்கள். எல்லோருக்கும் முன்னால் மாமி. உம்மாதான் மதிலுக்கு மேலால் எட்டி அவரிடம் சொல்லியிருக்கிறார். பல வருடங்களுக்குப் பிறகு இருவரும் கதைத்த முதல் கதை அது.

"நீங்க ஒருக்கா வந்து சொல்லிட்டீங்கதானே. இந்த முற நாங்க வந்திருக்கம்" என்றார் மாமி. பகிடி பண்ணிய மீன்காரக் காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போகல்லியா போகல்லியா எண்டு கேட்டு ஒன்ட மனச நோகடிச்சிட்டன், மன்னிச்சிக்க தம்பி" என்றார். அவர் குரல் உடைந்தது. நானும் உடைந்துபோனேன். வாப்பாதான் என்னைப் பிடித்து வேனில் ஏற்றினார்.

பட்டம் முடித்து ஊர் திரும்பிவிட்டேன். அந்தக் குளிர்காலங்களை எல்லாம் மாமியின் போர்வையோடுதான் கழித்தேன். இன்றும் யாராவது பிள்ளை புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறது என்று வந்து சொன்னால், எப்போது பயணம் என்று கேட்க எனக்கு நாக்கு எழுவதில்லை. போர்வை இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.