குறிஞ்சாக்கேணியில் ஒரு வானத்துக்கு மூன்று நாள்

கமராவோடு வெளியே இறங்கப்போகிற பிள்ளைகள் இதை வாசித்தால் நல்லது. நான் திருகோணமலை டவுனில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். இருபத்தைந்து வருடமாகக் கலியாண வீடுதான் என் பிழைப்பு. புதிதாக ஹோட்டல் கட்டிய ஒருவர் வரவேற்பறைச் சுவருக்கு ஒரு படம் கேட்டார். குடாவுக்கு அப்பால் தெரிகிற மலைகள், அதற்கு மேலே வானம். இடது ஓரத்தில் விடியல், வலது ஓரத்தில் நட்சத்திரம், எல்லாம் ஒரே படத்தில்.

“அதுக்கென்ன, செய்து தாறன்” என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

கமராவை ட்ரைபொட்டில் பூட்டி, விடியமுதல் இருட்டும்வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஃபிரேம் எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் நெடுக்காக ஒரு கீலம் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். கமரா ஒரு நூல் அசைந்தாலும் மலை உடைந்துவிடும். பகலில் யாராவது குறுக்கே போனால் வேறு ஃபிரேம் எடுக்கலாம். பொழுது படுகிற அரை மணித்தியாலம் அப்படியில்லை. நிமிடத்துக்கொரு நிறம் மாறும், ஒன்று போனாலும் போனதுதான்.

முதல் நாள்

குடாவின் இந்தப் பக்கம் குறிஞ்சாக்கேணி, முஸ்லிம் ஊர். அங்கே கரையில், ஹனீபா நானா என்ற மூத்தவரின் மீன் வாடிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ட்ரைபொட்டை ஊன்றினேன். எனக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில்தான் ஊரே போகும் என்று எனக்கு யார் சொன்னது?

“என்ன படம் புடிக்கிறீங்க?”

“வானம்.”

“வானமா! அது எல்லா இடத்திலயும் கிடக்குதே!”

இதையே இருபது பேர் கேட்டிருப்பார்கள். கயிறு கட்டினேன். கயிற்றை மரியாதையாக உயர்த்திக்கொண்டு உள்ளே வந்து கேட்டார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ட் மாற்றி, மனைவியையும் கூட்டிவந்து லென்சுக்கு முன்னால் நின்றார். எடுத்துக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க, மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வந்தார். நிறுத்தி, ஹெட்லைட்டை நேரே லென்சுக்குள் அடித்தார்.

“அண்ணன், இருட்டுது. வெளிச்சம் இல்லாம எப்படிப் புடிக்கிற?”

உதவி! அவரை விளங்கப்படுத்தி அனுப்ப எட்டு நிமிடம் போயிற்று. சிவப்பு முழுக்க அந்த எட்டு நிமிடத்துக்குள் முடிந்தது.

இரண்டாம் நாள்

ஆறு மணிக்குக் கிட்ட, தம்பலகாமப் பக்கம் மழை கறுத்தது. மேகம் அப்படியொரு அழகு. கமராவை மூடப் பொலித்தீன் கொண்டுவர மறந்திருந்தேன். “நானா, கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ” என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால் ட்ரைபொட்டைக் காணவில்லை. வாடிக்குள் எட்டிப் பார்த்தால், கமரா கதிரையில் துவாய் போர்த்தி இருக்கிறது. பக்கத்தில் நானா பெருமையோடு நிற்கிறார்.

“ரெண்டு துளி விழுந்திச்சு. உடனே தூக்கிட்டன்.”

“ஐயோ நானா! ஆர் உங்களைத் தூக்கச் சொன்னது? பதின்மூன்று மணித்தியாலம் போச்சு!” கத்தினேன். கண்டபடி கத்தினேன்.

அவருக்கு முகம் சுருங்கியது. “பாத்துக்கொள்ளுங்க எண்டு சொன்னது நீங்க. நனைய விடுங்க எண்டா சொன்னீங்க?”

அந்த நேரம் பார்த்து ஹோட்டல்காரர் போனில். இன்றும் சரிவரவில்லை என்றேன்.

“அண்ணே, வெள்ளிக்கிழமை திறப்பு. ரெண்டு படத்தைக் கொம்பியூட்டர்ல ஒட்டுங்கோவன்! நாளைக்கும் சரிவராட்டி நான் கொழும்பால ஆளை எடுக்கிறன்.”

போனை வைத்துவிட்டு வாடி வாசலில் குந்திவிட்டேன். நானா பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். அப்போதுதான் கமராவின் ஸ்கிரீனைக் காட்டி, என்ன செய்கிறேன் என்று முதல்முறையாக அவருக்குச் சொன்னேன். இரண்டு நாளாக அவருடைய வாசலில் நின்றும் சொல்லவில்லை.

“அப்ப பொழுதுபடுற மஃரிபு நேரத்தில ஒராளும் முன்னால போகப்போடாது. அதானே?” என்றார்.

“ஓம். ஆனா இந்த ஊரில அது நடவாத காரியம்.”

அவர் பாதையின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மூன்றாம் நாள்

பகல் பிசகில்லாமல் போனது. பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொல்கிற நேரம் சைக்கிள்களும் ஆடுகளுமாகப் பாதை நிறையத் தொடங்கியது. நானா கை கால் முகம் கழுவி ஒழுச் செய்துவிட்டு வந்தார். ட்ரைபொட்டுக்குப் பக்கத்தில், ஃபிரேமில் விழாமல், பாயை விரித்தார். தொழ முகம்வைக்கிற கிப்லாவும் மலைகளும் ஒரே திசை. தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார்.

தொழுகிறவருக்குக் குறுக்கே அங்கே ஒருவரும் போகமாட்டார்கள். சைக்கிள்கள் நின்றன. ஆடுகளைப் பிடித்து நிறுத்தினார்கள். பேச்சைக் குறைத்துக்கொண்டு எல்லாரும் வாடிக்குப் பின்னால் சுற்றிப் போனார்கள். என் கயிற்றை மதிக்காத ஊர்! மஞ்சள், சிவப்பு, ஊதா, கடைசியில் முதல் நட்சத்திரம் என்று ஒரு ஃபிரேம்கூடப் பிசகாமல் விழுந்தது. தொழுது முடித்தும் அவர் பாயை விட்டு எழும்பாமல் ஓதிக்கொண்டிருந்தார்.

“சரியா அண்ணன்?”

“சரி நானா. இண்டைக்குத் தொழப் பள்ளிவாசலுக்குப் போகல்லையா?”

“எப்படிப் போற? பாத்துக்கொள்ளுங்க எண்டு நேத்துச் சொன்னீங்க. போதும் எண்டு நீங்க இன்னும் சொல்லல்லையே.”

நேற்றுக் கத்தியதற்கு அந்த இடத்திலேயே அவருடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். படம் வெள்ளிக்கிழமைக்கு முதலே சுவரில் ஏறியது.

பிள்ளைகளே, லென்சைப் பிறகு துடைக்கலாம். யாருடைய வாசலில் ட்ரைபொட்டை ஊன்றுகிறீர்களோ, அவரிடம் முதலில் போய் என்ன வேலை என்று சொல்லுங்கள். எனக்கு அது விளங்க இருபத்தைந்து வருடமும் இரண்டு நாளும் எடுத்தது.