பிரவீணாவைப் படைத்ததற்காக

குன்னத்துக்குப் பக்கத்து ஊரில் அம்பிகா தன் மகள் பிரவீணாவைப் பதினான்கு வருஷம் இடுப்பிலும் தோளிலும் சுமந்தாள். பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை, பேச்சும் வரவில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் ராஜராஜன் அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான். "இது பொறக்காமலே இருந்திருக்கலாம்" என்றுதான் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனான்.

கோயில் கோயிலாக ஏறி இறங்கி ஓய்ந்த பிறகு, யாரோ சொன்னார்கள் என்று பெரம்பலூர் ரோட்டில் இருந்த ஜெப வீட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிப் போனாள். பாஸ்டர் பிரேம்குமார் வாராவாரம் பிள்ளையின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடி உருகி உருகி ஜெபித்தார். பிள்ளை எழுந்து நடக்கவில்லை. ஆனாலும் அம்பிகா போவதை நிறுத்தவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் பிரவீணாவின் விரல்கள் அசையும். முதலில் அதற்காகத்தான் போனாள். போகப் போக, கும்பிடுவதும் அந்த ஆண்டவரை மட்டும்தான் என்றாகிவிட்டது. கூடப் பிறந்தவர்கள் அதோடு வீட்டுப் பக்கம் வருவதை விட்டார்கள்.

வெங்காயத் தாள் அறுக்கப் போகும்போது பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய் வேப்பமர நிழலில் சாக்கு விரித்துக் கிடத்துவாள். காற்றில் வெங்காயத்தின் சிவந்த சருகுகள் பறந்தால் போதும், பிரவீணா சிரிப்பாள். சத்தம் வராது, உடம்பு முழுக்கச் சிரிக்கும். மற்றப் பெண்கள் குனிந்த தலை நிமிர மாட்டார்கள். அம்பிகா மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

போன தை மாதம் காய்ச்சலில் பிரவீணா போய்விட்டாள்.

"ஒனக்கும் விடுதலை, அதுக்கும் விடுதலைக்கா" என்றாள் பக்கத்து வீட்டு வளர்மதி, நல்ல மனசோடுதான். அடக்கத்தில் பாஸ்டரும், பிள்ளையைக் கர்த்தர் பாடுகளிலிருந்து விடுவித்தார் என்று நன்றி செலுத்தினார். யாரும் கெட்டது சொல்லவில்லை. ஆனால் பிரவீணாவைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைக்கவில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, கூட்டாளி இல்லை. அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே அம்பிகாவின் மனசுக்குள் மட்டும்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் படைப்பைப் பற்றிப் பிரசங்கித்தார். "மீனைப் படைச்சாரு, பறவையைப் படைச்சாரு. வேலை முடிஞ்சுதுன்னு போயிடலீங்க. ஒவ்வொண்ணையும் நின்னு பாத்தாரு. பாத்து சந்தோஷப்பட்டாரு!"

அதற்கு மேல் அம்பிகாவின் காதில் எதுவும் ஏறவில்லை. என் பிள்ளையை மட்டும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாரா? வேப்பமரத்தடியில் தன் நெஞ்சு நிறைந்து வழிந்ததை நினைத்தாள். அத்தனை சந்தோஷம் தனக்கு எங்கிருந்து வந்தது? தான் மட்டும்தான் பார்க்கிறோம் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

சாட்சி சொல்லும் நேரம் வந்தது. மகனுக்கு அரியலூர் சிமெண்ட் கம்பெனியில் வேலை கிடைத்தது என்று ஒருவர் சொன்னார். வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று என்று இன்னொருவர். ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஒரு நாளும் எழுந்திராத அம்பிகா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"பிரவீணாவப் படைச்சதுக்காக ஆண்டவருக்கு நன்றி. எடுத்துக்கிட்டதுக்கு இல்லீங்க, படைச்சதுக்கு. சருகு பறந்தா அவ ஒடம்பெல்லாம் சிரிப்பா. நான் பாத்து சந்தோஷப்பட்டேன். எனக்கு முன்னாடியே அவரு பாத்து சந்தோஷப்பட்டிருக்காரு. அவ்வளவுதாங்க."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பாஸ்டர் வாசலில் நின்றார். "சிரிப்பாளா சிஸ்டர்?" என்றார். "இத்தனை வருஷம் தலையில கை வெச்சேன். கண்ண மூடிக்கிட்டே இருந்துட்டேன்."

"பரவால்லீங்க ஐயா. அவளுக்குத்தான் சத்தம் வராதே" என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைகள் தாமாக மடியில் பிள்ளையை அணைத்த வாக்கில் வளைந்துகொண்டன. வீட்டில் ஒற்றை ஆளுக்குச் சோறு வடித்தாள். தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், வாய்விட்டுக் கேட்டாள்:

"காதுல தண்ணி பட்டா மூஞ்சிய ஒரு மாதிரி சுளிப்பாளே, பாத்திருக்கீங்கல்ல, ஆண்டவரே?"

அம்பிகா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.