சொல்லாத விண்ணப்பம்

மூப்பரே, என் மகளை அமெரிக்காவிலிருந்து திரும்பி வர வைத்தது உங்கள் ஆலோசனைதான். சபையார் எல்லாரும் இந்தச் சாட்சியைக் கேட்கட்டும்.

நான் கிரேசி. ஆரியசாலைக் கடைத்தெருவில் என் வீட்டுக்காரரும் நானும் கயிறும் சாக்கும் விற்கிறோம். மகள் ஷைனி மேல்படிப்புக்குப் போனது மூப்பர் நடத்தும் வெளிநாட்டுப் படிப்பு ஆபீஸ் மூலம். போன வருஷம் அவள் அங்கே படுக்கையை விட்டு எழாமல் ஆனாள். குளிக்கவில்லை. வகுப்புக்குப் போகவில்லை. மனச்சோர்வு நோய் என்று டாக்டர் சொன்னார். நான் மூப்பரிடம் ஓடினேன்.

"அதொண்ணும் காலேஜ்ல சொல்லாண்டாம். கெட்டிக் குடுக்க வேண்டிய பிள்ளையாக்கும். வீட்டுக் காரியம்னு எழுதி லீவு எடுக்கட்டு. பாஸ்போர்ட்ல விசா இன்னும் வருஷக்கணக்குக்கு உண்டு. பேடிக்காண்டாம், பயப்பட ஒண்ணும் இல்ல" என்றார்.

அப்படியே எழுதினாள். வகுப்பை விட்டால் மாணவி என்ற அனுமதியும் முடிந்துவிடும், பதினைந்து நாளுக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று பதில் வந்தது. விசாவில் தேதி பாக்கி இருந்து என்ன பயன்? அது படித்துக்கொண்டிருக்கிறவளுக்குத்தான்.

வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். சாப்பாட்டுத் தட்டு வைத்த இடத்திலேயே இருக்கும். "இனி நான் எதுக்கம்மா" என்று ஒருநாள் கேட்டாள். அன்றிலிருந்து அவளைத் தனியாக விட்டுக் கடைக்குப் போக எனக்குப் பயம். ஜெபித்தேன். வானம் தகரமாக இருந்தது.

நம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூசுகிற காரியம் என்றால் "சொல்லாத விண்ணப்பம்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவோம். மாதக்கணக்காக நானும் அதைத்தான் சொன்னேன். ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்தில் இருந்த மேரி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஆண்டவருக்கிட்டயும் சொல்லாண்டாமாக்கா? அவரு என்ன, கல்யாணத் தரகரா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. எழுந்து நின்றேன். என் மகளுக்கு மனச்சோர்வு நோய், அதை மறைத்து அவள் படிப்பை விட்டு வந்தாள், கர்த்தாவே அவளை உயிரோடு வையும் என்று உரக்க ஜெபித்தேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. மேரி மட்டும் என் கையைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்து, ஜெபத்தில் சொல்லிவிட்டதை ஷைனியிடம் சொன்னேன்.

"பறஞ்ஞோ அம்மா? எல்லாரும் கேட்டாவளா?"

"கேட்டாவ."

"நோயோட பேரையும் சொன்னியா?"

"சொன்னேன் மக்கா."

சுவர்ப்பக்கமிருந்து திரும்பினாள். வெகுநேரம் அழுதாள். பிறகு கஞ்சி கேட்டாள். என் ஜெபத்துக்கு வந்த பதில் அந்தக் கஞ்சிதான். அந்த வாரமே உண்மையை முழுவதும் எழுதிக் கல்லூரிக்கு அனுப்பினாள்.

வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அம்மாள் பதில் எழுதினார். நோய் என்று முதலிலேயே டாக்டர் சான்றுடன் வந்திருந்தால், பாடங்களைக் குறைத்தோ அடியோடு நிறுத்தியோ, சிகிச்சைக்காக அங்கேயே தங்க அனுமதி வாங்கித் தந்திருப்பாராம். திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் ஐந்து மாதத்துக்கு மேல் அந்த நாட்டுக்கு வெளியே இருந்துவிட்டதால் பழையது செல்லாது. விசாவுக்குக் காட்டக் கல்லூரி தரும் சேர்க்கைத் தாளும் புதிதாக வாங்கி, விசாவும் புதிதாகக் கேட்க வேண்டும்.

கிடைக்குமா, தெரியாது. சில நாள் ஷைனி இன்னும் எழுவதில்லை. ஆனாலும் என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள், மருந்து சாப்பிடுகிறாள். கர்த்தருக்கு நன்றி.

பிள்ளைகளை வெளியே அனுப்பியிருக்கிறவர்களே, நோயின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். கர்த்தர் அதைத் தாங்குவார். வகுப்பை விடும் முன்னே கல்லூரியிலும் அதே பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

மூப்பரே, வரும் ஞாயிறு ஆராதனையில் நான் முன்வரிசையில் இருப்பேன். ஷைனியும் வருவாள். நோயை மறைக்கச் சொன்னீர்களே, அது என் பிள்ளையின் பேரைக் காப்பாற்றவா, உங்கள் ஆபீஸின் பேரைக் காப்பாற்றவா? மைக்கைப் பிடித்து, சபை கேட்கப் பதில் சொல்லுங்கள்.