பச்சைக் கட்டம் தாவிய ஆட்டம்

என் மகள் பதினாலு வயதுக்குட்பட்ட பெண்கள் ஃபுட்பால் அணியில் சேர்ந்த மாதம்தான், பெங்களூர் ஆபீசில் என்னோடு வேலை பார்ப்பவரிடமிருந்து ஒரு பழைய கேமரா வாங்கினேன். முதல் மேட்சில் எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களிலும் கோல் போஸ்ட் அத்தனை தெளிவாக இருந்தது. தூரத்தில், தங்கச் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில் மழை அரித்த கோடுகளைக்கூட எண்ணலாம். பிள்ளைகள் மட்டும் நீலப் புகையாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"இதுல நான் எங்கேம்மா?" என்று கேட்டாள் மகள். இருந்த புகைகளில் கொஞ்சம் குள்ளமான புகையைக் காட்டினேன்.

தப்பு என்னுடையது. கேமராவை 'சிங்கிள்' ஃபோகஸில் வைத்திருந்தேன். அது ஒரு தடவை குறிபார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடும், ஓடுகிறவர்கள் ஓடிவிடுவார்கள். 'கண்டினியூஸ்' என்று இன்னொன்று இருந்தது. அதோடு 'டிராக்கிங்'கும் சேர்த்தால், ஓர் ஆள்மேல் வைத்த பச்சைக் கட்டம் அந்த ஆள் எங்கே ஓடினாலும் கூடவே போகும். ரயிலில் போகவர இதையெல்லாம் மொபைலில் படித்தேன். படித்தால் போதுமா? ஓடிக் காட்ட ஓர் ஆள் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கோரமண்டல் பேட்டையில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை என் கணவரை ஓடவிட்டேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"என்னப் பாத்து நேரா ஓடியாங்க! சிரிக்காதீங்க, மேட்சுல யாரும் சிரிக்க மாட்டாங்க!"

நாலாவது ஓட்டத்தில் எதிர்வீட்டுப் பெரியவர் பேப்பரைக் கீழே இறக்கினார். "இன்னாப்பா, சுகரா?"

"இல்லண்ணா, ஃபோகஸு," என்றார் இவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"அதுக்கு எந்த டாக்டராண்ட காட்டுற?"

படங்கள் பிரமாதமாக வந்தன. மூக்கு நுனியில் தொங்கிய வியர்வைச் சொட்டுவரை தெளிவு. அந்தத் தைரியத்தில் அடுத்த மேட்சுக்குப் போனேன்.

பக்கத்து ராபர்ட்சன்பேட்டைப் பிள்ளைகளோடு ஆட்டம். பாதி நேரத்துக்குள் இரண்டு அணியும் செம்மண்ணில் புரண்டு ஒரே நிறமாகிவிட்டன. என் மகளின் இரட்டைச் சடைமேல் கட்டத்தை வைத்தேன். அது விடாமல் துரத்தியது. நானும் கட்டத்தை விடாமல் பட்டனை அழுத்தினேன். சடை பறக்கிறது, கால் உயர்கிறது, பந்து வலைக்குள்! பன்னிரண்டு படம். எழுந்து நின்று கைதட்டினேன். எங்கள் பக்கத்தில் வேறு யாரும் தட்டவில்லை.

கணவர் என் துப்பட்டாவை இழுத்தார். "உக்காரும்மா. அது நமக்கு வுழுந்த கோலு."

நடுவில் எப்போதோ கட்டம் இன்னொரு இரட்டைச் சடைக்குத் தாவியிருக்கிறது. நான் கைதட்டியதைக் கண்டு அந்தப் பெண்ணின் அம்மா ஓடிவந்து கேமரா திரையை எட்டிப் பார்த்தார்.

"ஐய, எம் பொண்ணு! இன்னா க்ளியரா கீதுக்கா! இவள யாருமே இப்டி எடுத்ததில்ல. எனுக்கு அனுப்புறீங்களா?" நம்பர் வாங்கிக்கொண்டேன்.

இடைவேளையில் மகள் தண்ணீர் குடித்துக்கொண்டே பார்த்தாள். "எங்களுக்கு கோல் போட்டவள பன்னெண்டு ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கியா?"

"கட்டம் தாவிடுச்சுடி."

"நீ கட்டத்தப் பாக்காதம்மா. என்னப் பாரு."

பார்த்திருக்கலாம். கட்டம் எவ்வளவு சீக்கிரம் தாவலாம் என்று நிர்ணயிக்க மெனுவில் ஓர் இடம் உண்டு என்று படித்திருந்தேன். இரண்டாம் பாதியில் அதைத் தேடினேன். கிடைத்தது. ஐந்து அளவுகள். இரண்டா, மூன்றா என்று யோசிக்கும்போது சுற்றிலும் ஒரே கூச்சல். நிமிர்ந்தால், கோல் போட்ட என் மகள் கட்டிப்பிடித்த ஐந்து பிள்ளைகளுக்கு அடியில் கிடக்கிறாள். கணவர் கண்ணைத் துடைக்கிறார்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"எடுத்தியா?"

லென்ஸ் மூடியைத் தேட ஆரம்பித்தேன்.

சாயங்காலம் அந்த அம்மாவுக்குப் பன்னிரண்டு படங்களையும் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு வீடியோ வந்தது: 'உங்க பொண்ணு கோலும் என் போன்ல கீதுக்கா.' மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். மகள் பந்தை வெட்டி எடுத்து வருகிறாள், அடிக்கிறாள். கோட்டுக்கு வெளியே கூட்டம் முழுக்கக் குதிக்கிறது. நடுவில் ஒருத்தி மட்டும் கேமராவுக்குப் பேன் பார்ப்பதுபோலக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

மகள் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தாள். நான் பிடுங்குவதற்குள் அதை டீம் குரூப்பில் போட்டும்விட்டாள்.

கோபித்துக்கொண்டவள் மாதிரி போனோடு சமையல்கட்டுக்குப் போய், கோலை மறுபடி நாலு தடவை பார்த்தேன். இடது காலால் அடித்திருக்கிறாள். அவளுக்கு இடது காலில் இவ்வளவு பலம் இருப்பது எனக்குத் தெரியாது.