மொட்டை நாளில் மறைத்த காய்ச்சல்

போன வருடம் தை மாதம். எங்கள் ஒன்றரை வயது மகனுக்கு மொட்டை போட, நகரியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு திருமலைக்குக் கிளம்பினோம். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், அதாவது என் தம்பி, நாயுடுபேட்டை கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வந்திருந்தான்.

முந்தின நாளே பிள்ளைக்கு உடம்பு சுட்டது. சொன்னால் பயணம் நின்றுவிடும். "அம்மா வூட்டு ஆளு வந்தாலே உனுக்கு ஏதானா ஒண்ணு வந்துடும்" என்று நாத்தனார் குத்திக்காட்டுவாள். அதனால் யாருக்கும் தெரியாமல் காய்ச்சல் மருந்தை ஊற்றி, வாயைத் துடைத்து, பவுடர் பூசித் தூக்கி வந்தேன். பெரிய சாமர்த்தியசாலி என்று எனக்கு நினைப்பு வேறு.

மொட்டை முடிந்து குளிப்பாட்டும் சாக்கில் இன்னொரு தடவை மருந்து கொடுத்தேன். திருப்பதிக்கு இறங்கும்போது பிள்ளை பாலை விழுங்கவில்லை. எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. என் கணவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாமே, இப்டி கொதிக்குது!" என்று பதறினார். வேனை நேராகக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு விட்டோம்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டையில் சீழ் கட்டியிருந்தது. எப்போதிலிருந்து காய்ச்சல், மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று தெலுங்கில் கேட்டார். நாத்தனார் பக்கத்திலேயே நின்றிருந்தாள். இப்போதுதான் வந்தது, மருந்தே கொடுக்கவில்லை என்று நானும் தெலுங்கிலேயே வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

நர்ஸ் அதே காய்ச்சல் மருந்தை அளந்து, பிள்ளையின் உதட்டருகே கொண்டுபோனார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். "வேணாம்! இப்பதான் குடுத்தேன். நேத்துலேர்ந்தே குடுத்துக்கினு இருக்கறேன்!" என்று கத்திவிட்டேன்.

டாக்டர் திட்டவில்லை. எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். தொண்டைக்கு வேறு மருந்து எழுதி, உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று அங்கேயே சேர்த்துக்கொண்டார். நாத்தனார் பிள்ளையின் மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றிவிட்டாள். தம்பிதான், "லீவு போனா போவுதுக்கா. என்னாண்டனா சொல்லி இருக்கலாமே" என்றான்.

பிள்ளை தேறிவிட்டான். எல்லோரும் அதை மறந்தும் விட்டார்கள். ஆனால் டாக்டர் கேட்டதற்கும் நர்ஸ் மருந்தோடு வந்ததற்கும் நடுவில் நான் உண்மையைச் சொல்லாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம், பெற்ற பிள்ளையைவிட என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் கூசிப்போகிறேன்.