இஸ்திரிக்கு ஒரு டிகிரி

அந்தத் தையல் கடையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அரை இன்ச்’ என்றால்தான் வாடிக்கையாளருக்கே தெரியும். தடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு யாராவது அளவு கொடுக்க வந்தால், நாடா என்ன சொன்னாலும் சட்டைக்கென்று அரை இன்ச் கழித்துத்தான் நோட்டில் எழுதுவாள். இருபது வருஷத்தில் அவள் தைத்த துணி ஒன்றுகூடக் கடைக்குத் திரும்பி வந்ததில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

கடையில் மொத்தமே இரண்டு பேர். வெட்டுவதும் தைப்பதும் இவள். பொத்தான் வைப்பதும் இஸ்திரி போடுவதும் இவளுடைய நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை. இஸ்திரிப் பெட்டி ஆறினாலும் நாத்தனாரின் வாய் ஆறாது.

அரை இன்ச்சுக்குப் பிறவியிலிருந்தே அரிவாள்செல் ரத்தசோகை. ரத்தத்தின் சிவப்பணுக்கள் வட்டமாக இருக்காமல் பிறைபோல் வளைந்து, குறுகலான இடங்களில் எல்லாம் சிக்கிக்கொள்ளும். சிக்கிச் சிக்கியே, கிருமிகளை வடிகட்ட வேண்டிய மண்ணீரலைச் சின்ன வயதிலேயே ஒன்றுக்கும் உதவாமல் ஆக்கிவிட்டன. போதாக்குறைக்கு, போன வருஷம் தடுப்பூசி போட்டுவிட்டுப் பரிசோதித்தால், உடம்பு உண்டாக்கியிருக்க வேண்டிய எதிர்ப்பொருள் பேருக்குத்தான் இருந்தது. அதனால் டாக்டரம்மா ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். காய்ச்சல் நூற்றியொன்றைத் தொட்டால், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். மற்றவர்கள் இரண்டு நாள் படுத்து எழுந்துவிடுகிற கிருமி, இவளை அரை நாளில் கொண்டுபோய்விடும்.

சட்டம் மனப்பாடம். வெப்பமானியும் கத்தரிக்கோல் இழுப்பறையிலேயே இருந்தது. கழிக்கிற கைதான் சும்மா இருக்கவில்லை.

பள்ளிச் சீருடை வேலை தலைக்கு மேல் கிடந்த வாரம் அது. வியாழக்கிழமை காலை உடம்பு கணகணவென்றிருந்தது. கக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நூற்றியொன்று புள்ளி நான்கு. இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறோம் என்று அந்தச் சூட்டுக்கு ஒரு டிகிரி கழித்தாள். நூறு புள்ளி நான்கு. நிம்மதியாக அடுத்த காலரை எடுத்தாள். பதினோரு மணிக்கு நூற்றியொன்று புள்ளி எட்டு. மறுபடியும் ஒன்று கழிந்தது. கணக்கு வாத்தியாரே தட்டிக்கொடுத்திருப்பார், அவ்வளவு சுத்தம்.

இஸ்திரி வெறும் சாக்கு. ஆஸ்பத்திரி என்றால் பத்து நாள் படுக்கை. “நீ உட்காரு, உனக்கு முடியாது” என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. மெஷினை மிதிக்கும்போது மட்டும்தான் அவள் நோயாளி இல்லை. அதை விட்டு எழுந்து போக அவளுக்கு மனசு வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நாலு தடவை முயன்றும் ஊசியில் நூல் நுழையவில்லை. எவ்வளவு இருக்கிறது என்று நாத்தனார் கேட்டாள். இஸ்திரிக்குக் கழித்தது போக நூற்றியொன்றுகூட இல்லை என்று இவள் உளறிவிட்டாள்.

நாத்தனார் வெப்பமானியை வாங்கித் துடைத்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னொரு சட்டையை நிதானமாகத் தேய்த்து முடித்தாள். பிறகு எடுத்து நீட்டினாள். தொண்ணூற்றெட்டு.

“நாள் பூரா இதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவ நான். எனக்கே ஏறலை. மூணடி தள்ளி உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணி ஏறும்?”

அரை இன்ச் காலரைக் கீழே வைத்தாள். பத்து நிமிஷத்தில் ஆட்டோவில் இருந்தார்கள்.

பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே மருந்து ஏற்றினார்கள். மறுநாள் முடிவு வந்தது. ரத்தத்திலேயே கிருமி. சாயங்காலம் வரை தைத்துக்கொண்டிருந்தால் திட்டு வாங்கக்கூட இவள் இருந்திருக்க மாட்டாள் என்று டாக்டரம்மா சொன்னார். நாத்தனார் வராந்தாவுக்குப் போய் அழுது தீர்த்துவிட்டு, முகம் கழுவி வந்து, அரை இன்ச்சிலிருந்து ஒரு டிகிரிக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டதென்று வார்டு முழுக்கச் சொல்லிவைத்தாள்.

மீதிச் சீருடைகளை நாத்தனாரே தைத்தாள். பதினொன்று திரும்பி வந்தன, காலர் கோணல் என்று. வீடு திரும்பிய அரை இன்ச் அவற்றைப் பிரித்துத் தைத்தபடி ஒரு வாரம் புலம்பினாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு பகல், நாத்தனார் நிமிர்ந்து பார்த்தபோது அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வெப்பமானி நூறு புள்ளி ஏழு என்றது. டாக்டர் சொன்ன கணக்குக்கு இன்னும் இருக்கிறதே, இன்றைக்கு இஸ்திரி ஒன்றும் கேட்கவில்லையா என்று நாத்தனார் சீண்டினாள்.

“பிள்ளைங்க வளரும்னு மடிப்புக்குள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தானே தைக்கிறோம்,” என்றாள் அரை இன்ச். “எனக்கும் கொஞ்சம் விடு. நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்.”

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள்.