இடது தோளுக்கு நேராக ஒரு நட்சத்திரம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினருக்கு, தம்பியாகிய நான் வணங்கி எழுதுவது.

அக்கா பிறந்தது குடியாத்தத்துக்கு அருகே ஒரு சிற்றூர். விடியுமுன் மாடு பூட்டிக் கவலையில் கிணற்று நீர் இறைக்கப் போய்ப் பழகியவர். வானத்தைப் பார்த்தே நேரமும் திசையும் சொல்வார். அக்காவின் கணவரான மாமா இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய, அக்கா கைக்குழந்தையோடு ஊரில் இருந்தார்.

பாறை சரிந்து மாமாவுக்குப் பலத்த அடி என்று ஆள் வந்து சொன்னதும் அக்காவும் நானும் குழந்தையோடு ரயிலேறினோம். பங்காருபேட்டையில் இறங்கும்போதே இருட்டிவிட்டது. சுரங்கம் வரை ரயில் போகாத காலம். வண்டியும் கிடைக்கவில்லை. நேர் கிழக்கே போகச் சொன்னார்கள். துருவ நட்சத்திரத்தை இடது தோளுக்கு நேராக வைத்துக்கொண்டு அக்கா முன்னே நடந்தார்.

பாதி வழியில் விறகு வண்டித் தடங்கள் நாலாபக்கமும் பிரிந்தன. வலப்பக்கம் தூரத்தில் ஒரு வெளிச்சம். முந்தின வருடம் மூன்று மாதம் சுரங்கத்தில் கூலி வேலை செய்த மிதப்பு எனக்கு.

"அதான்க்கா சுரங்கத்துல எறங்குற ஷாஃப்ட்டு வெளக்கு. ராத்திரியெல்லாம் எரியும்."

"இல்லடா. அங்க போனா நட்சத்திரம் முதுகுக்குப் பூடும்."

"நான் வேலை செஞ்ச எடம். உனக்கு இன்னா தெரியும்?"

அக்கா என் பின்னால் வந்தார். அது மலையடியில் கரி சுடுகிறவர்கள் மூட்டிய தீ. வந்த வழியே திரும்பி, சுரங்கத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. மாமா விடியற்காலையிலேயே கண்ணை மூடிவிட்டார். 'வந்துட்டாளா, வந்துட்டாளா' என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

"எங்கடி போய்த் தொலைஞ்சே?" என்று மாமாவின் தாயார் கதறினார். நான் வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் அத்தை வழி தப்பிட்டேன்" என்றார் அக்கா.

அதற்குப்பின் அக்கா இங்கேயே தங்கி, கல் உடைத்து மகனை ஆளாக்கினார். பசி என்று வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. ஆனாலும் கல்யாணம், திருவிழா என்று எங்கே கிளம்பினாலும், "அவளை முன்னால விடாதீங்க, காட்டுல சேத்துடுவா" என்பார்கள். எல்லோரோடும் நானும் சிரித்திருக்கிறேன். அக்காவும் சிரிப்பார்.

கடைசி நாட்களில் அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "ஏன்க்கா அன்னிக்கு அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"என்னைத் திட்டிட்டு விட்டுடுவாங்க. உன்னை அடிச்சே கொன்னிருப்பாங்கடா."

அக்காவுக்கு மருந்து கொடுத்தவர்கள், தோள் கொடுத்தவர்கள், அடுப்பெரியாத எங்கள் வீட்டுக்குச் சோறு அனுப்பிய கோரமண்டல் லைன்காரர்கள் அனைவருக்கும் என் நன்றி.

அக்கா மகனே, அன்றிரவு அக்கா தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை நீதான். அம்மா வழி தவறியதால்தான் அப்பா ஏங்கிச் செத்தார் என்று நம்பி வளர்ந்தாய். உன் அம்மாவுக்கு வழி தெரியும். நேரில் சொல்லத் துணிவில்லாமல் இதை அச்சில் போட்டேன். இனி என் வீட்டுப் படியேற உனக்கு மனம் வராவிட்டால், அது நியாயம்தான்.